லூஸ் பேன்ட்தானே, அளவு தப்பினால் என்ன?

மார்ச் 3

"தையல் மெஷின் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. வீட்டில் போட்டுக்கொள்ளத் தொளதொளவென்று ஒரு நாடா பேன்ட் வேண்டும். ஊசி பிடிக்கத் தெரியும், பட்டன் தைத்திருக்கிறேன், அவ்வளவுதான். கையாலேயே முழு பேன்ட்டையும் தைத்துவிட முடியுமா? லூஸான பேன்ட்தானே, அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் யாருக்குத் தெரியப்போகிறது?"

இது ஒரு வாசகர் கேட்டது. முடியும். இதை எழுதும்போது நான் போட்டிருப்பதே கையால் தைத்த ஒன்றுதான். கைத்தையல் தாங்காது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1846-ல். சிங்கர் வாங்கியது 1851-ல். மெஷின் பரவுவதற்கு முன்னால் குதிரை ஏறியவர்களும் மண் வெட்டியவர்களும் போட்டது பெரும்பாலும் கைத்தையல் உடைதான். அது நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்ததைத் தாங்கியிருக்கிறது என்றால், நாம் சோபாவில் சாய்வதையும் தாங்கும்.

அளவு பற்றி நீங்கள் சொல்வதும் சரிதான். லூஸ் பேன்ட் எதையும் மன்னிக்கும். ஆரம்பியுங்கள்.

மார்ச் 4

ஒன்று விட்டுப்போயிற்று. துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். நான் போடவில்லை. 40 இஞ்ச் நீளம் வைத்த பேன்ட் முதல் சலவையில் 38 ஆனது. கணக்குப் பார்த்தால் 5 சதவீதம்தான், காட்டன் துணிக்கு அது அதிசயமே இல்லை. ஆனால் கணுக்காலுக்கு மேலே வந்து நிற்கும்போது சதவீதம் ஆறுதல் தருவதில்லை.

மார்ச் 9

அளவு தப்பினால் பரவாயில்லை என்று 3ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவசரப்பட்டு எழுதிவிட்டேன். என் முதல் பேன்ட்டுக்கு நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இடுப்பில் நாடா. தொடையில் இன்னொரு ஆள் நுழையும் அளவுக்கு இடம். கால் அடியும் அகலம். இத்தனை லூஸ் இருக்கும்போது எதை அளப்பது என்று தோன்றியது. நின்றபடியே இடுப்பிலிருந்து கவட்டை வரை டேப்பைக் குத்துமதிப்பாகப் பிடித்துப் பார்த்தேன், 11 இஞ்ச் வந்தது. அதையே வைத்து முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஒரே மாதிரி வெட்டினேன். எல்லாவற்றையும் ஓட்டுத் தையலால், அதாவது ஊசியை மேலும் கீழுமாக ஒரே கோட்டில் விட்டு எடுத்து, ஓட்டினேன். முடித்துப் போட்டுப் பார்த்தபோது கண்ணாடியில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன நூல்கண்டை எடுக்கக் குத்துக்காலிட்டேன்.

சத்தம் கேட்டது. நீளமான, நிதானமான சத்தம்.

துணி கிழியவில்லை. கவட்டையில் ஓட்டுத் தையல் மட்டும் மூன்று இடத்தில் அறுந்திருந்தது. இடுப்பின் பின்பக்கமும் இரண்டு இஞ்ச் கீழே இறங்கிவிட்டது. சுற்றளவு அத்தனை தாராளமாக இருந்தும், உட்காரும்போது உடம்பு கேட்டது அகலத்தை அல்ல. பின்னால் இடுப்பிலிருந்து கவட்டை வழியாக முன்னால் இடுப்பு வரை போகிற அந்த ஒரு வளைவின் நீளத்தைத்தான் கேட்டது. அதைத்தான் நான் அளக்கவே இல்லை.

ஆக லூஸ் பேன்ட் தொடையை மன்னிக்கும், முட்டியை மன்னிக்கும், கால் அடியை மன்னிக்கும். கவட்டையை மன்னிக்காது. டைட் பேன்ட்டிலாவது தப்பு நடந்தால் போடும்போதே தெரிந்துவிடும். இதில் குனியும் வரை தெரியாது, அதுதான் வம்பு.

மார்ச் 10

நேற்று புலம்பினேனே தவிர எண் எதுவும் சொல்லவில்லை. சொல்கிறேன். இது என் உடம்புக்கு உள்ளது, நீங்கள் உங்கள் டேப்பை எடுங்கள்.

இடுப்பில் நாடா கட்டும் இடத்தில் ஒரு கயிறு கட்டிக்கொண்டு கெட்டியான பலகை நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். மெத்தை நாற்காலி வேண்டாம், அது பொய் சொல்லும். பக்கவாட்டில் கயிற்றிலிருந்து நாற்காலிப் பலகை வரை அளந்தால் அதுதான் கவட்டை ஆழம். எனக்கு 11 வந்தது. (நின்றபடி பிடித்ததும் 11, உட்கார்ந்து அளந்ததும் 11. அது குருட்டு அதிர்ஷ்டம், ஆனால் அதன்மேல் எதையும் கூட்டாமல் விட்டேன் என்பதால் அதிர்ஷ்டம் உதவவில்லை.) அதோடு ஒன்றரை சேர்த்து 12½.

பின்புறத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு 40. லூஸுக்கு 8 கூட்டினால் 48. ஒரு காலுக்கு 24. வெளிப்பக்கத்தில் தையலே வைக்காமல் ஒரு காலை ஒரே துண்டாக வெட்டினேன், வேலையும் மிச்சம். அந்த 24-க்கு வெளியே கவட்டைக்காகத் துணி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்: முன்பக்க ஓரத்தில் இரண்டரை, பின்பக்க ஓரத்தில் ஐந்து. பின்பக்கம் இரட்டிப்பு என்பதைக் கவனியுங்கள். உடம்பின் கனம் பின்னால்தான் இருக்கிறது, துணியும் அங்கேதான் போக வேண்டும். இடுப்பு விளிம்பும் நடு முதுகில் முன்பக்கத்தைவிட ஒன்றேகால் இஞ்ச் உயரமாக இருக்க வேண்டும். குனியும்போது அது இறங்கிச் சமமாகும்.

தையலுக்குச் சுற்றிலும் அரை இஞ்சுக்குக் குறையாமல் விடுங்கள். மேலே நாடா மடிப்புக்கு 2, கீழே கால் மடிப்புக்கு 2.

எண் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி: கிழிந்துபோன பழைய பைஜாமா ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துத் தரையில் விரியுங்கள். முன்துண்டும் பின்துண்டும் எவ்வளவு வேறு என்று அது காட்டுகிற அளவுக்கு நான் எழுதிக் காட்ட முடியாது.

மார்ச் 11

பைஜாமா என்ற சொல்லே பாரசீகத்தில் 'கால்', 'உடை' என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. கவட்டையைப் பற்றி அதிலும் மூச்சு இல்லை. மறந்தது நான் மட்டும் இல்லை என்று ஒரு திருப்தி.

மார்ச் 15

தையல் விஷயம். ஓட்டுத் தையல் ஏன் அறுந்தது என்று கேட்டிருந்தார்கள்.

கவட்டை வளைவில் துணி நேராகவும் இல்லை குறுக்காகவும் இல்லை, கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக ஓடுகிறது. கிராஸில் வெட்டிய துணி இழுத்தால் நீளும். ஓட்டுத் தையலில் நூல் ஒரே கோடாக மேலும் கீழும் போய்வருகிறது, அதில் நீள்வதற்கு உபரியே இல்லை. துணி நீளும், நூல் நீளாது, அறுந்துவிடும். கெட்டித் தையலில் ஒவ்வொரு முறையும் ஊசி ஒரு தையல் அளவு பின்னால் போய்க் குத்தி, இரண்டு தையல் அளவு முன்னால் வந்து எழுகிறது. மேலே ஒரு மடங்கு, அடியில் இரண்டு மடங்கு, ஆக மூன்று மடங்கு நூல். அந்த உபரிதான் கொடுத்து வாங்குகிறது. ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும்.

பயமுறுத்தும் வேலையா என்று எண்ணிப் பார்த்தேன். உள்கால் இரண்டும் சேர்ந்து 55 இஞ்ச், கவட்டை சுமார் 30. இஞ்சுக்கு 8 தையல் போட்டால் 680. இடுப்பு மடிப்பும் கால் மடிப்பும் சேர்ந்து 90 இஞ்ச் சொச்சம், அங்கே இஞ்சுக்கு 6 போதும், 550. மொத்தம் ஆயிரத்து இருநூறு சொச்சம் குத்து. என் வேகம் நிமிடத்துக்கு ஓர் இஞ்ச். அப்படிப் பார்த்தால் மூன்று மணி நேர வேலை. எனக்கு இரண்டு வாரம் ஆனது. மீதி நேரமெல்லாம் நூல் கோத்ததிலும், தரையில் விழுந்த ஊசியைத் தேடியதிலும், பிரித்ததிலும் போனது.

பலப்படுத்த இரட்டை நூல் போடலாம் என்று நினைத்தேன், போட்டேன், வருந்தினேன். இரண்டு இழையில் ஒன்று தளர்ந்து வெளியே வளையம் போடும், இன்னொன்று மட்டும் பாரத்தைச் சுமக்கும். ஒற்றை நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்து எடுத்தால் முறுக்கிக்கொள்ளவும் செய்யாது, பிசிறவும் செய்யாது. நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள். நீளமாக எடுத்தால் கோக்கும் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு குத்துக்கும் கையை ஜன்னல் வரை நீட்ட வேண்டும், நடுவில் முடிச்சு வேறு விழும்.

மார்ச் 16

கைத்தையல் ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெல்லியது. இது தெரியாமல் "பெரிய நம்பர், பெரிய ஊசி" என்று வாங்கி வந்து ஒரு மாலை முழுதும் அதன் காதோடு போராடினேன்.

மார்ச் 28

இரண்டாவது பேன்ட். முதலாவதில் சூடு பட்டதால் கவட்டையை ஆழமாக இறக்கினால் தொல்லையே இல்லை என்று நினைத்தேன். 12½ எதற்கு, 16 வைப்போம் என்று வெட்டினேன். நின்றால் அருமையாகத் தொங்கியது.

மாடிப்படி ஏறினேன். முதல் படியிலேயே முட்டியை யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. ஒரு காலைத் தூக்கினால் மறு காலும் இடுப்பும் கூடவே இழுபட்டன. வீட்டில் என்னை பென்குயின் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை.

யோசித்தால் புரிகிறது. கால்கள் பிரிவது உடம்பில் ஓர் இடத்தில், பேன்ட்டில் அதற்கு ஐந்து இஞ்ச் கீழே. அந்த ஐந்து இஞ்சும் பாவாடை மாதிரி. கால் அகலும்போது அந்தத் துணி குறுக்கே நின்று தடுக்கும். அதை ஈடுகட்டும் அளவுக்குச் சுற்றிலும் கொசுவம் கொசுவமாகத் துணி வைத்தால் ஆழமான கவட்டையும் ஓடும். நான் வைத்த 8 இஞ்ச் லூஸுக்கு அது எடுபடாது. ஆழம் குறைந்தால் தையல் கிழியும், கூடினால் நடை போகும். மார்ச் 9-ல் நான் சொன்னது பாதிதான் சரி, நீளம் மட்டும் போதாது.

நிஜமான தீர்வு எளிது, பழையதும்கூட: கவட்டையில் ஒரு சதுரத் துண்டு. கால்களை வளைவே இல்லாமல் நேர்நேராக வெட்டிக்கொண்டு, நான்கு ஓரங்களும் சந்திக்கும் இடத்தில் அந்தச் சதுரத்தை டைமண்ட் போலத் திருப்பி வைத்துத் தைப்பது. ஒரு முனை முன் தையலில், ஒரு முனை பின் தையலில், மற்ற இரண்டும் இரு உள்கால் தையலின் உச்சியில். சதுரத்தின் ஒவ்வொரு பக்கமும் ஓர் ஓரத்தோடு சேரும். கால் அகலும்போது சதுரம் விரியும், நிற்கும்போது மடிந்து கிடக்கும். கவட்டையை இறக்காமலே இடம் கிடைக்கிறது.

சீனாவின் சின்ஜியாங்கில் துர்ஃபான் அருகே யாங்ஹாய் என்ற இடுகாட்டில் ஒரு கம்பளி பேன்ட் கிடைத்தது. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது, இதுவரை கிடைத்த பேன்ட்களில் மிகப் பழையது என்று 2014-ல் ஆய்வு வெளிவந்தது. மூன்று துண்டு: காலுக்கு ஒன்று ஒன்று, நடுவில் படிப்படியாக அகலும் கவட்டைத் துண்டு ஒன்று. இடுப்பில் கட்டிக்கொள்ளக் கயிறும் உண்டு. மூன்றையும் தறியிலேயே அந்தந்த வடிவத்துக்கு நெய்து, கத்தரியே போடாமல் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். குதிரை ஏறும் ஆட்கள் போட்டது என்பது ஆய்வாளர்கள் கருத்து. அவர்களும் எனக்கு முன்பே ஒரு பென்குயின் காலத்தைத் தாண்டித்தான் அந்த நடுத்துண்டுக்கு வந்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். ஆதாரம் இல்லை, ஆறுதல்தான்.

மார்ச் 29

சதுரம் எவ்வளவு? தைத்து முடித்தபின் 6 இஞ்ச், வெட்டும்போது 7.

ஏப்ரல் 6

இரண்டாவது பேன்ட்டில் இன்னொரு குறையும் இருந்தது. வெட்கத்தால் விட்டுவிட்டேன். துணியை மிச்சப்படுத்த ஒரு காலைத் தலைமேலாகவும் மறு காலைத் தலைகீழாகவும் வைத்து வெட்டினேன். கால் கீழே குறுகுகிறது என்பதால் இரண்டும் அழகாகப் பொருந்தின. பெரிய சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். துணியில் இருந்தது பறவைப் படம்.

வலது காலில் பறவைகள் பறக்கின்றன. இடது காலில் எல்லாம் மல்லாந்து விழுகின்றன.

ஏப்ரல் 7

இல்லை, தலைகீழாக நின்று பார்த்தாலும் சரியாகாது. அப்போது வலது கால் பறவைகள் விழும். முயன்றவர் எழுதிக் கேட்டிருந்தார், நன்றி.

ஏப்ரல் 21

மூன்றாவது பேன்ட், சதுரத் துண்டோடு, நேர்வெட்டு. துணிக் கணக்கு இவ்வளவு நன்றாக உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 58 இஞ்ச் அகலத் துணி. ஒரு காலுக்குத் தையலோடு 25, இரண்டுக்கு 50. பக்கத்தில் 8 இஞ்ச் பட்டை மிச்சம், அதில் 7 இஞ்ச் சதுரமும் நாடாவும் வந்துவிட்டன. நீளம் 44. துணி சுருங்குவதற்கும் சேர்த்து ஒன்றேகால் மீட்டர் போதும். முதல் பேன்ட்டுக்கு அகலம் குறைந்த துணியில் ஒரு காலுக்கு ஒரு நீளம் என்று இரண்டரை மீட்டர் வாங்கியிருந்தேன். நேர்வெட்டில் இன்னொரு லாபம்: ஒரு காலின் ஓரமாகத் துணியின் கரையே வருகிறது. கரை பிசிறாது, அங்கே மடித்து மூடும் வேலை இல்லை.

மற்ற ஓரங்கள் பிசிறும். மெஷின்காரர்கள் ஓவர்லாக் போடுவார்கள், நமக்கு மடித்து மூடும் தையல். முதலில் கெட்டித் தையல். பிறகு உள்ளே விட்ட துணியில் ஒரு பக்கத்தைப் பாதியாக நறுக்கி, அகலமான பக்கத்தை அதன்மேல் மடித்து மூடி, சாய்வுத் தையலால் துணியோடு சேர்ப்பது. உள்ளேயும் ஒரு பிசிறு தெரியாது. சதுரத்தின் மூலைகளில் மட்டும் கவனம். மூலைக்கு அரை இஞ்ச் முன்பே தையலை நிறுத்தி, துணியைத் திருப்பி, அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். ஓரம் வரை ஓட்டிவிட்டால் அந்த மூலையில் ஒரு சுருக்கம் நிரந்தரமாகக் குடியேறும். மெஷினில் இது தொல்லை பிடித்த இடம் என்பார்கள். கையில் ஊசி இருக்கும்போது எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம். கைத்தையலுக்கு மெஷினைவிட ஒரு படி மேலே இடம் இருந்தால் அது இங்கேதான்.

வளைவு வெட்டு தைப்பவர்களுக்கு: இரண்டு கால்களின் உள்கால் தையலையும் முதலில் முடியுங்கள். ஒரு காலை நல்ல பக்கம் வெளியே வரும்படி புரட்டி, புரட்டாத மற்ற காலுக்குள் சட்டைக் கையைப் போல நுழைத்துவிடுங்கள். நல்ல பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். முன்னிருந்து பின்னே U மாதிரி ஒரே ஓட்டமாகக் கவட்டையைத் தைக்கலாம். இதைப் படித்தால் புரியாது, துணியைக் கையில் வைத்துச் செய்தால் ஒரு நொடியில் புரியும். நான் முதல்முறை இந்த வரிசையை மாற்றி, கவட்டை ஓரங்களை ஒரே காலோடு சேர்த்துத் தைத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தனித்தனிக் குழாய்கள் செய்துவைத்தேன். தலையணை உறை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

ஏப்ரல் 22

கேட்டதற்காக: விரலுக்குப் பூண் (ஊசியைத் தள்ள விரல் நுனியில் மாட்டும் தொப்பி) வேண்டுமா? இருநூறாவது குத்து வரை வேண்டாம். அப்புறம் வேண்டும்.

மே 12

பாக்கெட். வெளிப்பக்கத் தையல் இல்லாத பேன்ட்டில் தையலுக்குள் வைக்கிற பக்கவாட்டுப் பாக்கெட்டுக்கு வழி இல்லை. மேலே ஒட்டுப் பாக்கெட் வைப்பதுதான் எளிது. தொடையில் ஒன்று வைத்தேன், ஃபோனைப் போட்டேன், நாடா இடுப்பு மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்தது. இப்போது அதில் கைக்குட்டை மட்டும். பாக்கெட் வாயின் இரண்டு மூலைகளிலும் ஒரே இடத்தில் நாலைந்து முறை குத்திக் கெட்டிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்துதான் பிய்யத் தொடங்கும்.

இன்னொன்று: பின்பக்கம் எது என்று போடும்போது குழப்பமாக இருக்கிறது. முதல் பேன்ட்டில் இந்தப் பிரச்சினை இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பு. இப்போது நடு முதுகில் உள்ளே சிவப்பு நூலில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அப்படியே அந்தக் குறியை நாடாவையும் சேர்த்துக் குத்திவிட்டால் நாடா துவைக்கும்போது உருவி வராது. எல்லோரும் இதைச் செய்யுங்கள்.

ஜூன் 30

நாலு மாதம் கழித்து நிலவரம்.

முதல் பேன்ட்டின் கவட்டையைக் கெட்டித் தையலில் திரும்பத் தைத்தேன், பின்னால் இடுப்பில் ஒரு பட்டையும் ஒட்டினேன். ஒட்டுப் போட்டது தெரியும், ஆனால் குனிய முடிகிறது. அதில் ஒரு புது விஷயம் கற்றேன். இனி அறுந்தே போகக் கூடாது என்று கோபத்தில் தடித்த நைலான் நூல் போட்டிருந்தேன். நூல் அறவில்லை, உண்மைதான். நூல் போன வழியெல்லாம் துணியை அறுத்துக்கொண்டிருக்கிறது. தபால்தலை ஓரம் போல வரிசையாக ஓட்டை. நூல் அறுந்தால் பத்து நிமிட வேலை, துணி போனால் பேன்ட்டே போச்சு. துணியைவிட நூல் ஒரு பொட்டு பலவீனமாக இருப்பதுதான் நல்லது. காட்டன் துணிக்குக் காட்டன் நூல் அல்லது மெல்லிய பாலியெஸ்டர், அதற்கு மேல் வேண்டாம். மார்ச்சில் பலம் பலம் என்று நான் பேசியதைப் படித்து நைலான் வாங்கியவர்கள் மன்னிக்கவும்.

பறவை பேன்ட்டை முட்டிக்கு மேலே வெட்டி அரைக்கால் ஆக்கிவிட்டேன். கவட்டை இன்னும் 16தான். ஆனால் கால் நீளம் போனதால் படி ஏறும்போது முட்டியில் மாட்டுவதில்லை. ஒரு தப்பை வெட்டினால் இன்னொன்று குறைந்தது. ஏன் என்று இன்னும் சில நாள் யோசிப்பேன்.

மூன்றாவதுதான் தினமும். சதுரத்தின் ஒரு முனையில், பின் தையலில், இரண்டு தையல் விட்டிருந்தது. நாலு குத்தில் சரியானது. நான்காவதற்கு லினன் எடுத்து நனைத்துக் காயவைத்திருக்கிறேன். கனமான ஜீன்ஸ் துணியில் தைக்கலாமா என்ற கேள்விக்கு: நெருக்கமாக நெய்த துணியில் ஊசி இறங்க மறுக்கும், கவட்டையில் நாலு மடிப்பு சேரும் இடத்தில் விரலா ஊசியா என்று ஆகிவிடும். முதல் முயற்சிக்கு வேண்டாம். ரேயானும் வேண்டாம், வெட்டும்போதே நழுவும்.

ஜூலை 2

மூன்றாவது பேன்ட் துவைத்து வந்தது. நாடாவைக் காணோம். ஒரு முனை மடிப்புக்குள் எங்கோ போய் ஒளிந்துகொண்டது, மற்றது கையோடு உருவி வந்துவிட்டது. சிவப்புக் குறி இருக்கிறது. குறியோடு நாடாவைச் சேர்த்துக் குத்துங்கள் என்று மே மாதம் எல்லோருக்கும் சொன்னேன், நான் குத்தவில்லை.

ஊக்கு தேடிக்கொண்டிருக்கிறேன்.